பல்பொடி

திபிலிசியில், உலர் பாலத்தின் மேல்,
என் கடை ஒரு மடக்கு மேசை.
மேகம் மூடிய நாள் விற்க வருகிறவர்களுக்கு வாகு:
கீறல்களெல்லாம் ஒளிந்துகொள்ளும்.
அதனால்தான் மேசைக்கடியில் ஒரு கார் பேட்டரி,
அதிலிருந்து ஏறிவரும் வயரில் ஒற்றைக் குண்டு பல்பு.

நாசிப்ரோலா என்று பெயர் சொன்னாள். எழுபதைத் தாண்டியவள்.
ஆண்பிள்ளைக் காலுறை ஒன்றிலிருந்து
ரூபிளை உதறி எடுத்தாள். ஜார் காலத்து வெள்ளி.
தும்பைப்பூ மாதிரி இருந்தது.
அப்போதே தெரிந்துவிட்டது.
நூற்றிருபது வயசு வெள்ளிக்கு
இவ்வளவு வெளுத்த முகம் ஏது?

"யாரும் கை வைக்காதது" என்றாள்.
எல்லோரும் சொல்வதுதான்.

பல்புக்குக் கீழே சாய்த்தேன்.
தேய்க்காத வெள்ளியில் ஒளி சக்கரமாய்ச் சுற்றும்,
திருப்பத் திருப்ப ஆரக்கால்கள் ஓடும்.
இதில் வெளிச்சம் வந்து உட்கார்ந்தது, எழவில்லை.
லென்ஸை வைத்தேன்.
கோடுகள். மயிரிழைக் கோடுகள்.
அச்சிலேயே இருந்த கோடு என்றால் மேடாக இருக்கும்,
முகத்தின் ஓரம் வந்ததும் நின்றுகொள்ளும்.
இவை பள்ளம். கன்னத்தில் ஏறி, தாடியில் இறங்கி,
மரியாதை இல்லாமல் மறுகரைக்குப் போயின.
மன்னன் காதுக்குள் வெள்ளையாய் ஏதோ.
ஊசிமுனையால் தொட்டு எடுத்தேன்: பல்பொடி.

"துலக்கியிருக்கிறது. பாதி விலைகூட வராது."

கேட்காமலே என் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
"நான்தான். ஆறு வயசு" என்றாள்.
"அப்பா பெட்டியைத் திறந்தார், பெல்ட்டைக் கழற்றினார்.
முழங்காலுக்குப் பின்னால் தழும்பு இருக்கிறது.
அந்தப் பொடியின் புதினா வாடை
இன்னும் நாக்கில் இருக்கிறது."
அண்ணன் ஜும்பேர் கதவோரம் நின்று அழுதானாம்,
அடி வாங்கியவளைவிடச் சத்தமாக.
இப்போது அவனுக்குப் பல் கட்டத்தான் இந்தப் பணம்.
வெள்ளிக்கிழமை தெசலோனிகியிலிருந்து வருகிறான்.

கழுகுப் பக்கம் திருப்பினேன்.
விளிம்போரம், பிறை அளவுக்கு, ஒரு கறுப்பு.
துலக்கும்போது பெருவிரல் அழுத்திப் பிடித்த இடம்.
அது மட்டும் தப்பித்திருந்தது,
சாம்பலும் நீலமும் கலந்த பழைய தோல்.
சின்ன விரல்தான். குழந்தை விரல்.
ஆனால் கோடுகள் வளைந்த விதம்...
எனக்கென்ன வந்தது,
விலை சொல்வதோடு என் வேலை முடிந்தது.

"பிடித்துக் காட்டுங்கள்" என்றேன்,
"அன்றைக்குப் பிடித்த மாதிரி."

இடக்கையில் பிடித்து வலக்கை விரலால் தேய்த்தாள்.
விசிறிபோல் ஒரு பக்கம் வளைந்தது கை.
நாணயத்தில் இருந்த வளைவோ மறுபக்கம்.
கழுகைத் தலைகீழாக்கினாள். மறுபடி நேராக்கினாள்.
பிறையின் மேல் பெருவிரலை வைத்தால்
கோடு ஒத்துவரவில்லை. கோட்டுக்கு ஒத்துப்போனால்
விரலுக்கு இடமில்லை.
லென்ஸைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள்.
பிறகு கை மாற்றினாள்.

பக்கத்து மேசை அம்பேர்க்கி
சமோவார் துடைப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான்.
கீழே சாலையில் யாரோ
ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"ஜும்பேர் இடக்கையன்" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"அப்படியானால் அந்தப் புதினா?"
என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

வெந்த முட்டையை உடைத்து டப்பாவில் போட்டு
கூடவே வெள்ளியை மூடிவைத்தால்
ஒரே ராத்திரியில் நூறு வருஷம் கறுத்துவிடும்.
மின்சாரம் இல்லாத அந்தக் குளிர்காலங்களில்
அந்தக் கறுப்பை விற்றுத்தான் ரொட்டி வாங்கினேன்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சும்மாவே.
அவள் கேட்கவில்லை.

ரூபிள் காலுறைக்குள் திரும்பிப் போயிற்று.
தட்டில் கிடந்த மலிவு லென்ஸைக் காட்டி
"இது என்ன விலை?" என்றாள்.
சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.
பேரம் பேசவில்லை.
அதையும் அதே காலுறைக்குள் போட்டு
இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்,
பல்லால் கடித்து.